பட்டாணி ஏறிய வண்டி

பட்டாணிக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பட்டாணிக்கு மட்டும்தான் தெரியாது. கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் போதும், வாலை ஆட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்கும். ஏறிக் கொஞ்ச நேரத்தில் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்ளும். அப்புறம் யார் மடி பக்கத்தில் இருக்கிறதோ அந்த மடியில் வாந்தி எடுத்துவிடும். முந்தின நாள் காரைக்குடியிலிருந்து கண்டனூருக்கு, அது என்ன பெரிய தூரமா, அதற்குள்ளேயே அகிலாவின் பட்டுப்புடவையில் காலைச் சாப்பாடு முழுவதையும் இறக்கி வைத்துவிட்டது.

கண்டனூரில் அவர்களுடைய பெரிய வீட்டில் படைப்பு. செத்துப்போன முன்னோருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை இலை போட்டுப் படைக்கிற நாள். அன்றைக்குத்தான் அந்த வீட்டைத் திறப்பார்கள். பூட்டினால் அடுத்த படைப்புக்கோ, யாருக்காவது கல்யாணம் கூடினாலோதான் மறுபடி சாவி போடுவது. இந்த வருஷம் வீட்டைப் பூட்டுகிற முறை அகிலாவின் கணவன் சுந்தரத்துடையது. ஆகவே பங்காளிகள் எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகும் இவர்கள் இருந்தார்கள். சுந்தரம், அகிலா, சென்னையிலிருந்து வந்திருந்த சுந்தரத்தின் தம்பி கார்த்திக், அவன் மனைவி ராஜப்ரியா, அண்ணன் தம்பி இருவருக்கும் மூத்த அக்கா விசாலம். அக்காவை ஆச்சி என்று கூப்பிடுவதுதான் அவர்கள் வழக்கம். தம்பி மனைவிகளும் அப்படியே கூப்பிட்டார்கள்.

திருவையாறு போகலாம் என்று சொன்னது ராஜப்ரியா. காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது, ஆற்றங்கரையை ஒட்டி ஒரு தங்கும் வீடு இருக்கிறது, நாய்களைக் கூட்டி வந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஓர் இரவு இருந்துவிட்டு வரலாம் என்று போனில் படங்களைக் காட்டினாள். அவளுக்கு நாயோடு போகிற இடம்தான் வேண்டும். அவளுடைய மோக்கா என்கிற பழுப்பு நாய்க்கு வண்டியில் தனி இருக்கை, தனிப் பை, தனித் துண்டு. அது ஷாம்பு போட்டுக் குளித்து, ராஜப்ரியாவை விடக் கொஞ்சம் கூடுதலாகவே மணத்தது.

“அப்ப பட்டாணியும் வரலாம்ல?” என்று விசாலம் ஆச்சி கேட்டபோது அவள் முகம் சந்தோஷத்தில் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. “ஆத்துல எறக்கிக் குளிப்பாட்டலாம். இது பொறந்ததுல இருந்து ஆத்தையே பாத்ததில்ல.”

விசாலம் ஆச்சிக்குப் பிள்ளையில்லை. புருஷன் இறந்ததும் தேவகோட்டை வீட்டை அவருடைய தம்பிகள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெட்டியும் செவலையும் வெள்ளையுமான இந்த நாட்டு நாயுமாகத் தம்பி சுந்தரத்தின் வீட்டுக்கு வந்தவள், இரண்டு வருஷமாக இருக்கிறாள். அவளைப் பற்றிக் குறை சொல்ல அகிலாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் அகிலாவின் குறை. அதிகம் சாப்பிட்டால் சொல்லலாம், எதிர்த்துப் பேசினால் சொல்லலாம், டிவியைச் சத்தமாக வைத்தால் சொல்லலாம். ஆச்சி எதுவும் செய்வதில்லை. கேட்காமலே வெங்காயம் உரித்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். மிச்சமிருந்தது பட்டாணிதான். ஆகவே அகிலா தன் கோபத்தையெல்லாம் பட்டாணி பேரில் எழுதி வைத்திருந்தாள்.

அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி, கட்டு கட்டாக முற்றங்களைத் தாண்டி, அடுத்த தெருவில் முடிகிறது. முன்வாசலில் கூப்பிட்டால் பின்வாசலில் கேட்காது. சுந்தரத்தின் பழைய கார் முன் தெருவில் நின்றது. கார்த்திக்கின் புதுக் கார் பெரியது, நிழல் வேண்டும் என்று பின் தெருவில் விட்டிருந்தான். காலையில் கார்த்திக்கும் ராஜப்ரியாவும் மோக்காவோடு பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டார்கள்; எப்போது போனார்கள் என்று முன்பக்கம் யாருக்கும் தெரியாது. முன் தெருவில் சுந்தரம் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தான். ஆச்சி பின்சீட்டில் ஏறி, மடியில் ஒரு பையோடு உட்கார்ந்துவிட்டாள். பைக்குள் பட்டாணிக்கு ஒரு பழைய துண்டும் பிஸ்கட்டும்.

“அகிலா, பின்னாடி கதவப் பூட்டிட்டு வரும்போது பட்டாணியப் பிடிச்சிட்டு வந்திரும்மா. மூணாங் கட்டுல நிக்கிது.”

அகிலா போனாள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நடக்க நடக்க, இன்றைக்கு அந்த நாய் தன் மடியில்தான் படுக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே போனாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம். இறங்கும்போது ராஜப்ரியா கைக்குட்டையை மூக்கில் வைப்பாள். நேற்றும் வைத்தாள். வேண்டுமென்று வைக்கவில்லை, அது இன்னும் மோசம். மூன்றாம் கட்டில் பட்டாணி இவளைப் பார்த்ததும் குதித்தது. மூலையில் கிணற்றுக் கயிறு ஒன்று கிடந்தது.

என்ன நினைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஒரு ராத்திரிதானே என்று நினைத்தாள். நாட்டு நாய்தானே, வீட்டைக் காவல் காக்கட்டும் என்று நினைத்தாள். தூணில் கட்டினாள். மிஞ்சிய சோற்றைத் தட்டில் போட்டாள், ஒரு சட்டி நிறையத் தண்ணீர் வைத்தாள். நாய் சோற்றைத் தின்னத் தொடங்கியதும் பின்கதவைப் பூட்டி, கட்டுக்குக் கட்டு கதவைச் சாத்திக்கொண்டு, அந்த நீளத்தையும் திரும்ப நடந்து முன்வாசலையும் பூட்டிவிட்டு வந்து காரில் ஏறினாள்.

“பட்டாணி எங்கம்மா?”

“அது கார்த்திக் தம்பி வண்டியில ஏறிருச்சு ஆச்சி. மோக்காவோட வெளையாடிக்கிட்டே போயி ஏறிருச்சு. நான் எறக்கப் பாத்தேன், அதுக்குள்ள அவுக கெளம்பிட்டாக.”

நாக்குக் கூசவில்லை. அதுதான் ஆச்சரியம். ஆச்சிக்கு ஒரே சந்தோஷம். “ஏசி வண்டியில போகுது பாரு, ராஜா கணக்கா” என்று சிரித்தாள். திருமயம் தாண்டியதும், “வாந்தி எடுத்துச்சான்னு ஒரு போன் போட்டுக் கேளேன்” என்றாள். அகிலா போனைக் காதில் வைத்துக்கொண்டு, “டவர் கெடைக்கல ஆச்சி” என்றாள். புதுக்கோட்டையில் மறுபடி கேட்டாள். மறுபடி டவர் கிடைக்கவில்லை. கந்தர்வகோட்டை வருவதற்குள் அகிலா போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டாள். ஒரு பொய்யைச் சொல்வது சுலபமாக இருந்தது. அதைச் சாயங்காலம் வரைக்கும் கூடவே தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்பது ஏறும்போது தெரியவில்லை.

திருவையாற்றில் காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. தங்கும் வீட்டின் பின்படியிலேயே தண்ணீர் வந்து மோதியது. மோக்கா ஏற்கெனவே நனைந்து, உடம்பைச் சிலுப்பி எல்லோர் மேலும் தெளித்துக்கொண்டிருந்தது. ஆச்சி கையில் துண்டோடு வேகமாகப் படியிறங்கினாள். இறங்கிவிட்டு, இங்குட்டும் அங்குட்டும் பார்த்தாள்.

“பட்டாணி எங்கப்பா?”

“பட்டாணியா?” என்றான் கார்த்திக். “ஒங்க வண்டியிலதான ஆச்சி வந்துச்சு?”

எல்லோரும் அகிலாவைப் பார்த்தார்கள். இப்போது சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே, வீட்டில்தான் விட்டு வந்தேன் என்று சொல்லியிருந்தால், சுந்தரம் நாலு வார்த்தை ஏசியிருப்பான், ஆச்சி முகம் வாடியிருக்கும், அத்தோடு போயிருக்கும். ஆனால் காலையில் ஒன்றைச் சொல்லியாயிற்று. அந்த வாய் அதே வழியில்தான் போனது.

“நான் பாத்தேனே. பின்சீட்டுக்குப் பின்னாடி, பெட்டியெல்லாம் இருந்துச்சுல்ல, அங்க ஏறி உக்காந்துச்சு. ஒங்களுக்குத் தெரியுமுன்னு நெனச்சேன்.”

ராஜப்ரியாவின் முகம் வெளிறிவிட்டது.

“ஐயோ. நான் திருமயத்துல டிக்கியத் திறந்தேன்” என்றாள். “மோக்காவுக்குத் தண்ணிக் கிண்ணம் எடுக்க. திறந்து வச்சுட்டே கடையில நின்னு டீ குடிச்சேன். அப்ப இறங்கியிருக்கும். நான் பார்க்கவே இல்லையே!”

“கந்தர்வகோட்டையில பெட்ரோல் போடுறப்பவும் திறந்தோம்” என்றான் கார்த்திக். அப்புறம் மனைவியிடம் திரும்பி, “ஒனக்கு ஒன் நாயத் தவிர ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது” என்று கத்தினான். அவன் அப்படிக் கத்தி அகிலா கேட்டதில்லை. ராஜப்ரியா நின்று அழுதாள். ஆச்சி படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

யாரும் சாப்பிடவில்லை. ஆண்கள் இருவரும் மோக்காவை ஏற்றிக்கொண்டு கந்தர்வகோட்டை பெட்ரோல் பங்க்குப் பக்கம் தேடுவது, பெண்கள் திருமயத்துக்குப் போவது என்று முடிவாயிற்று. புதுக் காரை ராஜப்ரியா ஓட்டினாள். ஆச்சி முன்சீட்டில். அகிலா பின்னால், மோக்காவின் இருக்கையில்.

வழி முழுக்க ராஜப்ரியா வேகத்தைக் குறைத்து இரண்டு ஓரத்தையும் பார்த்துக்கொண்டே வந்தாள். செவலை நாய் ஒன்று தெரிந்தால் நிறுத்துவாள். ஆச்சி கண்ணாடியை இறக்கி, “பட்டாணி! ஏ பட்டாணி!” என்று கூப்பிடுவாள். ஏதோ ஒரு தெருநாய் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் அடுத்த நாய். எத்தனை தடவை கூப்பிட்டாளோ, ஆச்சியின் தொண்டை கட்டிக்கொண்டது. பின்னால் உட்கார்ந்து அகிலா அதையெல்லாம் கேட்டாள். தன்னை யாராவது கன்னத்தில் அறைந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் வைத்திருக்கிறோம், நிழல்தான், ஒன்றும் ஆகாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

திருமயத்தில் ராஜப்ரியா காரை நிறுத்திவிட்டு வெயிலில் கடை கடையாக ஏறினாள். முந்தின நாள் படைப்பில் எடுத்த படம் ஒன்றில் பட்டாணி ஓரமாக நின்றது. அதைப் பெரிதாக்கிப் பூக்காரியிடம், ஆட்டோக்காரர்களிடம், பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவரிடம் எல்லாம் காட்டினாள். கைக்குட்டையை மூக்கில் வைக்கிற பெண், குப்பைத் தொட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். சாக்கடை ஓரம் முட்டிபோட்டுப் பாலத்துக்கு அடியில் பார்த்தாள். எழுந்தபோது முட்டியெல்லாம் சேறு. அகிலாவும் தேடுகிற மாதிரி அவள் பின்னால் நடந்தாள். இல்லாத இடம் என்று தெரிந்து தேடுவது எவ்வளவு கேவலமான வேலை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

டீக்கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இதானான்னு தெரியலம்மா. காலையில பைபாஸ்ல ஒரு நாயி அடிபட்டுக் கெடந்துச்சு. செவலையும் வெள்ளையுமாத்தேன் இருந்துச்சு. ஓரமா இழுத்துப் போட்டிருக்காக.”

மூவரும் அங்கே போனார்கள். கருவேல மரத்தடியில் அது ஒரு சாக்கால் பாதி மூடிக் கிடந்தது. வெளியே தெரிந்த கால் செவலைதான். ஆச்சி காரைவிட்டு இறங்கவில்லை. கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“என்னால முடியாது. நீ போயிப் பாத்துட்டு வா, அகிலா. நீ சொன்னா நான் நம்பிக்கிறேன்.”

அகிலா போனாள். சாக்கை விலக்கினாள். பட்டாணியை விடப் பெரிய நாய், பெட்டை. குட்டி போட்டு அதிக நாள் ஆகவில்லை போலிருக்கிறது, மடி கனத்திருந்தது. ஈ மொய்த்தது. இது பட்டாணி இல்லை என்று சொல்லலாம், அது உண்மைதான். அதோடு, எதற்கும் கண்டனூர் வீட்டையும் ஒரு தடவை பார்த்துவிடலாமே, காரில் ஏறியது இறங்கித் திரும்ப உள்ளே ஓடியிருந்தாலும் ஓடியிருக்கும் என்று சேர்த்துச் சொல்லலாம். கச்சிதமாக இருந்தது. தூணில் கட்டிய கயிற்றை மட்டும் அவள் முதலில் ஓடிப்போய் அவிழ்த்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. செத்த நாயின் பக்கத்தில் நின்றுகொண்டு இவ்வளவையும் யோசித்தாள். யோசித்தது தனக்கே பயமாக இருந்தது.

திரும்பி வந்தபோது ராஜப்ரியா ஆச்சியின் காலடியில், தார்ச்சாலையிலேயே உட்கார்ந்திருந்தாள். “என்னை மன்னிச்சிருங்க ஆச்சி, மன்னிச்சிருங்க” என்று அழுதாள். ஆச்சி அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“நீ என்னத்தா செய்வ? தெரிஞ்சா செஞ்ச? தெரிஞ்சு யாராச்சும் செய்வாகளா?”

அதற்கு மேல் அகிலாவால் முடியவில்லை.

“ஆச்சி, அது இல்ல. பட்டாணி வண்டியிலயே ஏறல. நான்தான் மூணாங் கட்டுல கட்டிப் போட்டுட்டு வந்தேன். எம் மேல வாந்தி எடுக்குமேன்னு. வேணும்னுதான் செஞ்சேன். பொய் சொன்னேன்.”

லாரி ஒன்று அவர்களைத் தாண்டிப் போயிற்று. ராஜப்ரியா தலையைத் தூக்கி அகிலாவைப் பார்த்தாள். திட்டுவாள் என்று அகிலா காத்திருந்தாள். ஆச்சிதான் கேட்டாள்.

“உசுரோட இருக்குல்ல?”

“இருக்கும் ஆச்சி. தண்ணி வச்சிருக்கேன்.”

“அப்ப வண்டிய எடு, ப்ரியா.”

கண்டனூர் போய்ச் சேர்ந்தார்கள். அகிலா முன்கதவைத் திறந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. நீள வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. ஆச்சி செருப்போடு வளவைக் கடந்து, முன்னால் ஓடினாள். இரண்டாம் கட்டுத் தாழ்ப்பாளை நீக்கிய பிறகுதான் கேட்டது, குரைப்பு இல்லை, கரகரவென்று ஒரு மூச்சு. பகல் முழுக்கக் குரைத்துக் குரைத்துக் குரல் போய்விட்டிருந்தது.

கயிறு தூணைச் சுற்றிச் சுற்றி முழுக்க இறுகியிருந்தது. பட்டாணி அசைய இடமில்லாமல், கழுத்து ஒருபக்கம் இழுத்தபடி நின்றது. கழுத்தில் மயிர் உதிர்ந்து சிவந்திருந்தது. எட்டாத தூரத்தில், அகிலா வைத்த தண்ணீர் வைத்தபடியே நிறைந்திருந்தது. நாள் முழுக்க அந்தச் சட்டியை நினைத்துத்தான் அவள் தன்னைத் தேற்றிக்கொண்டு வந்தாள்.

முடிச்சு அவள் போட்டது என்பதால் அவளே குனிந்து அவிழ்த்தாள். அவிழ்த்ததும் நாய் அவள் முகத்தை நக்கியது. கட்டியவள் இவள்தான் என்று அதற்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நக்கியது. அகிலா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஆச்சி சட்டியைத் தூக்கி நாயின் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

ராஜப்ரியாவின் போன் அடித்தது. சுந்தரம். கிடைத்துவிட்டது என்று அவள் சொன்னதும், எங்கே என்று கேட்டான். ராஜப்ரியா அகிலாவைப் பார்த்துத் தயங்கினாள். அதற்குள் ஆச்சி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

“வீட்டுலயேதேன்யா இருந்துச்சு. நாந்தேன் காலையில கட்டிப் போட்டுட்டு மறந்துட்டேன். அகிலா வேற நாயப் பாத்திருப்பா போல, மோக்காவத்தேன் இதுன்னு நெனச்சிருக்கா.”

சுந்தரம் கத்தியது மூன்று பேருக்கும் கேட்டது. “என்ன ஆச்சி நீங்க! ஒரு வேலைய உருப்படியாச் செய்ய மாட்டீகளா? கார்த்திக் அந்தப் புள்ளைய என்ன பேச்சுப் பேசிட்டான்! எல்லாத்துக்கும் பொழப்புக் கெட்டுப் போச்சு. இனிமே அந்த நாய எங்கேயும் கூட்டிட்டு வராதீக.”

“சரிய்யா” என்றாள் ஆச்சி. “சரி. இனிமே வரல.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாயின் கழுத்தைத் தடவ ஆரம்பித்தாள்.

“ஏன் ஆச்சி அப்பிடிச் சொன்னீக?” என்று அகிலா கேட்டாள்.

“நாளைக்கும் ஒங்க வீட்டுலதேன நான் சாப்பிடணும்” என்றாள் ஆச்சி. கோபமாகச் சொல்லவில்லை. உலை கொதித்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

இந்த இரண்டு வருஷமும் ஆச்சி கேட்காமலே உரித்து வைத்த வெங்காயத்தைக் குணம் என்று அகிலா நினைத்திருந்தாள். அது பயம். ராஜப்ரியாவிடமிருந்து போனை வாங்கி அவளே சுந்தரத்தைக் கூப்பிட்டாள். “கட்டிப் போட்டது ஆச்சி இல்லைங்க. நான். ப்ரியா மேலயும் தப்பில்ல. எல்லாம் நான்தான் செஞ்சேன், தெரிஞ்சேதான் செஞ்சேன்” என்றாள். “வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. ஆச்சியைத் திரும்பிப் பார்த்தாள். ஆச்சியின் முகம் வெளுத்திருந்தது. நாயைத் தடவிய கை நின்றுவிட்டது.

“ஏம்மா சொன்ன?” என்றாள். “நான்தேன் சொல்லி முடிச்சிட்டேன்ல. இப்ப அவன் ஒன்னைய ஏசுவான். நீ நாலு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிருவ. எல்லாம் யாரால வந்துச்சுன்னு கடைசியில ரெண்டு பேரும் யோசிச்சுப் பாப்பீக. அப்ப நானும் இதும் எங்குட்டுப் போவோம்?”

அப்படியெல்லாம் ஆகாது என்று சொல்ல அகிலா வாயெடுத்தாள். காலையில் பொய் சொன்ன அதே வாய். ஆச்சி அதை நம்பமாட்டாள் என்று தெரிந்ததும், தூணைச் சுற்றியிருந்த கயிற்றைப் பிரிக்கத் தொடங்கினாள்.